தக்கைப்பூண்டுக்கு நாற்பத்தைந்து நாள்

மரியே வாழ்க

கூட்டேரிப்பட்டு
2 ஜூலை 2025

அன்புத் தங்கை அமல்ராணிக்கு,

அண்ணன் பெரியநாயகம் எழுதுவது. கவரில் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இதுவரை கிழித்துப் போடாமல் படித்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. போனில் என் நம்பரை நீ பிளாக் பண்ணி ஆறு வருஷம் ஆகிறது, அதனால்தான் தபால். ஸ்டாம்பு வாங்கும்போது தபால் ஆபீசில், "இன்னா நாயகம், கோர்ட்டுக்கா?" என்று கேட்டார்கள். தங்கச்சிக்கு என்றேன். நம்பவில்லை.

ராஜ்குமார் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தேன். வரும் மே மாதத்தோடு உன் சத்துணவு வேலை முடிகிறது, அதற்குப் பிறகு விழுப்புரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்க மாட்டாய், அப்பா எழுதிக் கொடுத்த அரைக் காணியில் நெல் வைத்துச் சாப்பிடப் போகிறாய் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உன் நிலத்தில் இப்போது நெல் வராது அமலு. அதை நான்தான் சொல்ல வேண்டும், கெடுத்தவன் நான். வீட்டுக்குச் செங்கல் அறுக்க மூன்றடி ஆழம் மேல்மண்ணை எடுத்துவிட்டேன். கீழே இருப்பது வெளுத்த மண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிறது, மழையில் பள்ளத்தில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. இரண்டு வருஷம் மல்லாட்டை போட்டுப் பார்த்தேன், கடலை மண்ணிலேயே அழுகிப் போயிற்று. ஒரு தடவை நெல் நட்டேன், மஞ்சளாகவே நின்று பதராகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதெல்லாம் செய்தேன், அதற்கும் திட்டிக்கொள்.

போன வருஷம் வேளாண்மை ஆபீசில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த மண்ணில் உயிரே இல்லை என்றார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடச் சொன்னார்கள். தண்ணீர் நின்றாலும் தாங்கும் செடி அது. நமக்கு அதில் விளைச்சல் ஒன்றும் கிடையாது, மண்ணுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். போன புரட்டாசியில் ஒரு தடவை செய்தேன், இடுப்பளவு வந்தது. இந்த வருஷமும் செய்ய வேண்டும். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய நினைக்கிறேன். விதைக்கட்டுமா?

உன் அண்ணி ஜெசிந்தா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
பெரியநாயகம்


விழுப்புரம்
11 ஜூலை 2025

திரு. பெரியநாயகம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. விதைப்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறீர்கள். வெட்டுவதற்குக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கணவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தபோது அப்பா என்னிடம் சொன்னது உங்களுக்கும் கேட்டது. "அமலு, நீ யாரு வூட்டு வாசல்லயும் போய் நிக்கக் கூடாது. அரைக் காணி ஒனக்கு எழுதி வச்சிருக்கேன்." நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். தலையாட்டினீர்கள்.

2019 ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தேன். அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி வைத்துவிட்டு வயலைப் பார்க்கப் போனேன். வயல் இல்லை, குளம் போல் ஒரு பள்ளம் இருந்தது. அதன் கரையில் சூளை புகைந்துகொண்டிருந்தது. நான் கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இன்னும் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன். "என் பங்குல கரும்பு நிக்குதும்மா, உன்து சும்மாதானே கெடக்கு, மண்ணுதானே, தானா ஊறிக்கும்." மண் கிணற்றுத் தண்ணீரா, ஊறுவதற்கு?

என் நிலம் எங்கும் போய்விடவில்லை. உங்கள் வீட்டுச் சுவராக நிற்கிறது. அதற்குள் நீங்கள் விசிறி போட்டுப் படுத்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை, மிதிக்கவும் மாட்டேன்.

அந்தப் பள்ளத்தில் எதை வேண்டுமானாலும் விதையுங்கள். ஆறு வருஷமாக என்னைக் கேட்டா எல்லாம் நடந்தது? இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

அமல்ராணி


மரியே வாழ்க

கூட்டேரிப்பட்டு
20 செப்டம்பர் 2025

அமலுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இருந்தாலும் உன் நிலத்தில் நடப்பது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். முன்னாலேயே இது வந்திருக்க வேண்டும், வரவில்லை.

எதை வேண்டுமானாலும் விதையுங்கள் என்று நீ எழுதியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதம் இல்லை என்று எனக்கும் தெரியும். திண்டிவனத்தில் பதினைந்து கிலோ விதை வாங்கி வந்து, 18ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் தூவினேன். முதல் நாள் நல்ல மழை, காலில் சேறு ஒட்டிக்கொண்டு செருப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. விதைக்கிற வயசா இது என்று ஜெசிந்தா வரப்பில் நின்று திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டிக்கொண்டே அவளும் ஒரு கூடையை எடுத்துத் தூவினாள்.

இதற்குக் கணக்கு நாற்பத்தைந்து நாள்தான். அதற்கு முன்னால் உழுதால் தழை போதாது. பூத்து முற்ற விட்டுவிட்டால் தண்டு கட்டையாகிவிடும், மண்ணில் மக்காது. பூ தெரிகிற அந்த நாலைந்து நாளைத் தவறவிடக் கூடாது. நம் வீட்டுக் காலண்டரில் நவம்பர் இரண்டாம் தேதியைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளும் அன்றைக்குத்தான்.

நீ பிரிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. பிழை வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சின்ன வயசில் என் நோட்டைப் பிடுங்கி நீ சிவப்புக் கோடு போடுவாயே, ஞாபகம் இருக்கிறதா?

உன் அண்ணன்


மரியே வாழ்க

கூட்டேரிப்பட்டு
26 அக்டோபர் 2025

அமலுவுக்கு,

இன்றைக்குப் பூசை முடிந்து நேராக வயலுக்குப் போனேன். செடி என் தோளுக்கு வந்துவிட்டது. போன வருஷம் இடுப்பு, இந்த வருஷம் தோள். மண் கொஞ்சம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரில் கடுகு கடுகாக முடிச்சு, மண்ணுக்கு உரம் அதுதான். போன வருஷம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மேலே மொட்டு வைத்துவிட்டது. ஒன்றிரண்டு மஞ்சளாக வாய் திறந்திருக்கிறது.

ஒரு சங்கடம். மகள் மெர்லினுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முப்பதாம் தேதி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் ஜெசிந்தாவும் போகிறோம். என் வாழ்நாளில் கல்லறைத் திருநாளன்று ஊரில் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. நீ வருவாய் என்று தெரியும், அப்பா அம்மாவுக்கு என் சார்பிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடு.

டிராக்டருக்குக் கோபியிடம் சொல்லிவிட்டேன். ஐந்தாம் தேதி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறான். நாலாம் தேதி எப்படியும் நான் திரும்பிவிடுவேன். உன்னால் முடிந்தால் அன்றைக்கு ஒரு எட்டு வந்து போ. என்னோடு பேச வேண்டாம். எதிர் வரப்பில் நின்று பார். ஆள் உயரச் செடி மடங்கி மண்ணுக்குள் போவதை நீ பார்க்க வேண்டும் என்று ஆசை. உன் நிலத்திலிருந்து மண் போனதைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

உன் அண்ணன்


விழுப்புரம்
3 நவம்பர் 2025

திரு. பெரியநாயகம் அவர்களுக்கு,

நேற்று கல்லறைக்கு வந்தேன். நீங்கள் ஊரிலேயே இல்லை. பெற்றவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றக்கூட நேரமில்லாத அளவுக்கு என்ன வேலையோ.

வயலைப் பார்த்தேன். தலைக்கு மேல் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறது. இதை விதைக்கு விட்டால் நல்ல விலை என்று கல்லறைத் தோட்டத்திலேயே பேசிக்கொண்டார்கள். மண்ணை எடுத்துச் சுவர் வைத்தாயிற்று, மிச்சமிருக்கிற பள்ளத்திலும் பயிர் வைத்து விற்கலாம் என்று தோன்றியிருக்கிறது உங்களுக்கு. உங்கள் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அஞ்சம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரில் வந்தாள். உள்ளே விடச் சொன்னேன். அவளுடையது முப்பது, அவள் அக்காவுடையது நாற்பது. காலை பத்து மணியிலிருந்து மாலை வரை மேய்ந்தன. நின்ற தண்டையெல்லாம் கட்டுக் கட்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஒரு கட்டுகூட உங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. என் நிலம், என் இஷ்டம். அதை உங்களுக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

அமல்ராணி


மரியே வாழ்க

கூட்டேரிப்பட்டு
9 நவம்பர் 2025

அமலுவுக்கு,

மெர்லினுக்குப் பெண் குழந்தை. இரண்டாம் தேதி பகல் ஒன்றரை மணிக்குப் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உன்னுடையது, அதற்கு நான் பொறுப்பில்லை.

நாலாம் தேதி வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ஐந்தாம் தேதி காலையில் கோபியோடுதான் வயலுக்குப் போனேன். கோபி டிராக்டரை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாணா இது, மொட்ட அடிச்ச மாதிரி கீது. யாரு பண்ணது? சும்மா வுடாதணா" என்று சத்தம் போட்டான். நிலத்துக்காரி மேய விட்டிருப்பாள், உழு என்றேன். இலை போனாலும் வேர் உள்ளேதானே இருக்கிறது, எழுபது ஆட்டுப் புழுக்கையும் விழுந்திருக்கிறது. கட்டையைத்தான் உழுதோம். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும், அன்றைக்கு அரை மணியில் முடிந்துவிட்டது. புரட்டிப் போட எதுவும் இல்லை. அஞ்சம்மாள் ஆடுகளுக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லையாம், அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நியாயம்.

விற்கப் போடவில்லை அமலு. எதற்குப் போட்டேன் என்று முன்பே எழுதினேன். நடுவில் போட்ட இரண்டு கடிதத்தையும் நீ பிரிக்கவில்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தானே பிரிக்காமல் இருந்தாய். என்னை மாதிரி சொல்லாமல் எதுவும் செய்யவில்லை.

நீ கடிதத்தில் என் வார்த்தையை அப்படியே எடுத்து எழுதியிருந்தாயே, என் பங்கில் கரும்பு நின்றது என்று. அது பொய். அந்த வருஷம் மாசி முதல் வாரத்திலேயே கரும்பு வெட்டியாகிவிட்டது. கல் அறுத்தது பங்குனியில். என் நிலமும் அப்போது வெறுமையாகத்தான் கிடந்தது. இரண்டு நிலத்து வரப்பிலும் நின்று யோசித்தேன். நீ பட்டணத்தோடு பழகிவிட்டாய், திரும்பி வரவே மாட்டாய் என்று முடிவு கட்டிக்கொண்டு உன் பக்கம் மண்வெட்டியைக் காட்டினேன். இதை ஜெசிந்தாவிடம்கூடச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், அவர் உன் தங்கையிடம் சொல் என்றார். அதற்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன்.

நிலத்தைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது. அப்பா உனக்குக் கொடுத்ததை எடுத்தேன் என்பது ஒரு பக்கம். நீ வரமாட்டாய் என்று நானாகவே கணக்கை எழுதி மூடிவிட்டேனே, அது இன்னொரு பக்கம்.

உன் அண்ணன்,
பெரியநாயகம்


விழுப்புரம்
8 டிசம்பர் 2025

அண்ணா,

எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. இன்று மாதாவின் அமல உற்பவத் திருநாள், என் பெயர்த் திருநாள். ஒவ்வொரு வருஷமும் இன்று காலையில் முதல் போன் உன்னுடையதாக இருக்கும். ஆறு வருஷமாக நான் அதை வரவிடவில்லை. இன்று காலையிலும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். உன் நம்பரை விடுவிக்க விரல் போகவில்லை. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பிரித்தது நீ கோபத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கத்தான். திட்டியிருப்பாய், நானும் இன்னொரு கடிதம் போடலாம் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. அதற்குப் பிறகுதான் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்த இரண்டையும் எடுத்துப் படித்தேன். எதிர் வரப்பில் நின்று பார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சோறு பாதி வெந்தது வெந்தபடியே கிடந்தது.

கரும்பு நின்றது பொய் என்று நீ எழுதியதைப் படித்ததும் வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. உனக்குப் பிடித்த தங்கை, நோட்டில் சிவப்புக் கோடு போட்ட தங்கை, வரமாட்டாள் என்று எப்படி நினைத்தாய்? வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேருந்தில் வந்து போனவள், தங்காமல் போனாள் என்பதற்காகவா? அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் நானும் ஒரு பொய் எழுதியிருக்கிறேன்.

அன்று விற்கப் போட்டிருக்கிறாய் என்று நினைத்து ஆடுகளை விட்டேன் என்றேன். பத்து மணிக்கு அது உண்மை. பன்னிரண்டு மணிக்கு அஞ்சம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ராணிக்கா, இது அண்ணன் ஒனக்காண்டி மண்ணு சேக்கறதுக்குப் போட்டதாமே. பொதங்கெழம டிராக்டர் சொல்லிட்டுப் போயிருக்காராம். பாதிதான் மேஞ்சிருக்கு, நா ஜல்தியா ஓட்டிக்கினு போயிடட்டா?" என்று கேட்டாள்.

மேற்குப் பக்கம் பாதி வயல் அப்படியே நின்றது. பூவில் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. கேட்டது எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான், "மேயட்டும்" என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். தண்டை வெட்டி எடுத்துப் போகச் சொன்னது அதற்கும் பிறகு.

நீ திருத்திக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை அண்ணா. ஆறு வருஷம் நீ கெட்டவன் என்று வைத்து என் வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றால் எனக்குச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒரு பயம். சத்துணவுக் கூடத்தில் தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளைகளைக் கண்டிக்கிறவள் நான். உன் தட்டை நானே கவிழ்த்தேன்.

மன்னிப்பு என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே.

அமலு


மரியே வாழ்க

கூட்டேரிப்பட்டு
16 டிசம்பர் 2025

அமலு,

குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. மெர்லின் ஒரு பெயரும் மாப்பிள்ளை ஒரு பெயரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீ வந்து தீர்த்து வை.

அஞ்சம்மாள் சொன்னது எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதி நாங்கள் உழுதுகொண்டிருக்கும்போதே அழுதுகொண்டு வந்துவிட்டாள். "நா ரெண்டு தபா கேட்டேண்ணா, ராணிக்கா கேக்கல" என்றாள். ஒன்பதாம் தேதி உனக்குக் கடிதம் எழுதும்போது அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

எனக்கும் கோபம் வராமல் இல்லை. மூன்று நாள் காலையில் எழுந்ததும் வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். நீ அன்றைக்கு மதியத்திலிருந்து சாயங்காலம் வரை தெரிந்தே சும்மா இருந்தாய். நான் இதே நிலத்தில் பதினோரு நாள் மண் வெட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் மண்வெட்டியை எடுக்கும்போது தெரிந்தே எடுத்தேன். பதினோரு காலையில் ஒன்றிலாவது நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் உன்னை எதுவும் கேட்காமல் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நீ மே மாதம் ஓய்வு பெற்று வந்ததும் நெல் வைக்க முடியாது. அதை மறைக்க மாட்டேன். இன்னும் மூன்று தடவையாவது தக்கைப்பூண்டு போட்டு உழ வேண்டும். அப்போதும் பழைய மண் வராது. அப்பா பார்த்த நிலத்தை நீயும் நானும் இனிமேல் பார்க்கப் போவதில்லை. உனக்கு அறுபது, எனக்கு அறுபத்து மூன்று. போன ஆறு வருஷத்தில் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்நேரம் நீ கதிர் அறுத்திருப்பாய். உன் மண் தேறும் வரை என் பங்கில் பாதியில் நீ நெல் வை. இது கடனும் இல்லை, தானமும் இல்லை. அந்தப் பங்குனியில் நான் மண் வெட்டியிருக்க வேண்டிய பாதி அது.

பனி விலகட்டும். பிப்ரவரி 20 வெள்ளிக்கிழமை விதைக்கலாம் என்று இருக்கிறேன், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அன்றைக்கு விதைத்தால் ஈஸ்டர் முடிந்த மறுநாள் நாற்பத்தைந்து ஆகிறது. இந்த முறை விதை நீ தூவ வேண்டும். பழைய புடவை ஒன்று கொண்டு வா, சேறு போகாது.

வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. ஜெசிந்தா வயலுக்கே சோறு கொண்டு வந்துவிடுவாள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடலாம். தவக்கால வெள்ளி, அதனால் குழம்பு காய்கறிதான்.

உன் அண்ணன்


அஞ்சல் அட்டை

விழுப்புரம்
12 பிப்ரவரி 2026

அண்ணா,

20ஆம் தேதிக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். காலை ஏழரைக்குள் கூட்டேரிப்பட்டில் இறங்கிவிடுவேன். உன் நம்பரை நேற்றே விடுவித்துவிட்டேன், ஆனாலும் போனில் பேச வரவில்லை, அதனால்தான் அட்டை. விதையை நான் வரும் வரை பிரிக்காதே.

வரப்புக்குச் சோறு கொண்டுவர வேண்டாம் என்று அண்ணியிடம் சொல். வீட்டுக்குள் வந்தே சாப்பிடுகிறேன். சுவரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். அப்போது யாரும் ஒன்றும் பேச வேண்டாம்.

அமலு